ராஜாவுக்கு நாடி பார்த்தவர்

கிரீடத்தைக் கூடக் கழற்றாமல் வைத்தியரய்யாவிடம் வலது கையை நீட்டிக்கொண்டு நான் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. பதுளையில் மருந்துக்கடை வைத்திருந்த அவர், வாரம் ஒருநாள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, நாங்கள் குடியிருந்த லய வீடுகளில் வரிசை வரிசையாக நோய் பார்ப்பார். அன்று கூத்து ஒத்திகை. மனைவி மேல் சந்தேகப்பட்டு அவளைக் காட்டுக்கு விரட்டும் ராஜா நான். கூத்தில் மட்டுமா? மளிகைக் கடைக்காரரிடம் என் மனைவி சிரித்துப் பேசினாள் என்று வீட்டிலும் அதே ஆட்டம்தான் ஆடியிருந்தேன். அவள் ஹாலிஎல ஊர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகியிருந்தது.

இப்படிக் கோபப்படும் ராஜா பித்த உடம்புக்காரர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை உருட்டி, தொண்டை கிழியக் கத்தி, தரை அதிர மிதிப்பேன். எல்லோரும் கைதட்டினார்கள். வைத்தியரய்யா மட்டும், "வேசத்தக் கலைக்காம வாங்க, நான் அந்த ராசாவுக்குத்தான் நாடி பாக்கணும்" என்றார். கொல்லென்று சிரித்தார்கள். அவரோ மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பித்தமாம் பித்தம்! பித்தக்காரன் கத்திப்புட்டு அடுத்த வேளைச் சோத்துக்கு ஒக்காந்துருவான். இந்த ராசா தூங்குறாரா? ஒரு எடத்துல நிக்கிறாரா? இது வாத ஒடம்பு. கோவம் இல்லீங்க, பயம். அவ விட்டுட்டுப் போயிருவாளோன்னு பயந்து, இவரே முந்திக்கிட்டு வெரட்டுறாரு."

ஆடிப்போனேன். என் வீட்டுக் கதையை யாரோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், அவருக்கு ஒன்றும் தெரியாது. கதையில் வரும் ஒருவனைப் பார்த்தே என் நெஞ்சுக்குள் இருந்ததை எடுத்து வெளியே வைத்துவிட்டாரே, எப்பேர்ப்பட்ட மனிதர்!

மறுநாளே கங்காணியிடம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஹாலிஎலவுக்கு நடந்தேன். வழியெல்லாம் பேசிப் பார்த்த பேச்சு அவளைக் கண்டதும் வாயில் வரவில்லை. "கூத்துப் பாக்க வா" என்று மட்டும் சொன்னேன். "பாத்துட்டுத் திரும்பிருவேன்" என்றாள்.

கூத்தன்று அவள் முன்வரிசையில் இருந்தாள். நான் கத்தவில்லை. மீசையை மழித்து ராணி வேடம் கட்டியவனைப் பார்த்து, "போ" என்று சொல்ல முயன்றேன். பயத்தில் குரல் உடைந்துபோனது. என் மனைவி எழுந்து நின்றாள்.

"நான் போகலங்க! நீங்க பயப்படாதீங்க!"