ஆறுமணிக் குருவிக்கு வைத்த பெட்டி

பயணத்துக்குச் சாமான்களை இரண்டு விதமாக அடுக்கலாம். படம் எடுப்பவருக்கு வசதியாக அடுக்குவது ஒரு விதம். சோதனைச் சாவடியில் பையைத் திறப்பவருக்குப் பயம் வராமல் அடுக்குவது இன்னொரு விதம். சண்டை மறுபடி மூண்டிருந்த அந்த வருஷங்களில் நான் இரண்டாவதையே பின்பற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலே பறவைப் புத்தகம், அட்டையிலிருக்கும் மீன்கொத்தி தெரிகிற மாதிரி. அதன் கீழே பிஸ்கட், தேத்தண்ணிப் பிளாஸ்க். அப்புறம் கெமரா. நீண்ட லென்ஸைத் துணியில் சுற்றக் கூடாது. சுற்றி வைத்த எதையும் பிரிக்கச் சொல்வார்கள். வயர் மட்டும் கடைசியில், அடியில்.

மாத்தளை டவுனில் ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் எனக்கு வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்துவிட்டு ரேடியோ திருத்தும் கடையில் இருந்தவளை, பறவைப் படம் எடுக்க வருபவர்களின் கருவிகளைப் பார்த்துக்கொள்ள எடுத்தார்கள். உல்லாசப் பயணிகள் வராத காலம். பஸ்ஸில் ஒரு பார்சல் ஆளில்லாமல் கிடந்தால் எல்லோரும் இறங்கி ஓடுகிற காலம். அப்படியும் யாராவது ஒருவர் வருவார். அந்த முறை வந்தவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர், அதிகம் பேசாதவர். ரிவர்ஸ்டன் மலைக்காடு, பிட்டவலப் புல்வெளி, பிறகு கீழே இறங்கி வில்கமுவப் பக்கத்து உலர்காடு என்று மூன்று வகை நிலத்தையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்றார். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவும் ஆறுமணிக் குருவியைப் படம் எடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன் என்றும் சொன்னார்.

வழிகாட்டி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர். வேதக்காரர், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். வேன் ஓட்டியவர் நாவுலையைச் சேர்ந்த சிங்களவர். எங்களோடு பழகி மாத்தளைத் தமிழை நன்றாகவே பேசுவார், நடுநடுவே சிங்களம் கலந்து. என்னை நங்கி, அதாவது தங்கை, என்பார்.

அண்ணன் பறவைகளைக் கூப்பிட ஒரு பெட்டி வைத்திருந்தார். செய்தது நான். கறுப்புப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு மலிவான எம்.பி.த்ரீ பிளேயர், ஒரு ஸ்பீக்கர், நாலு பெட்டரி. வெளியே நீண்ட வயர், அதன் நுனியில் ஸ்பீக்கரைப் போட, நிறுத்த ஒரு சுவிட்ச். அவர் பதிவு செய்த பறவைக் குரல்கள் உள்ளே வரிசையாக இருந்தன. பெட்டியைப் புதருக்குள் வைத்து, சருகு போட்டு மூடி, தூரத்தில் மறைந்து உட்கார்ந்துகொண்டு சுவிட்சைத் தட்டுவார். தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று பறவை சண்டைக்கு வரும். அவருடைய வழக்கம் ஒன்று உண்டு. அந்திக்கு வரும் பறவை என்றால் பெட்டியை மத்தியானமே கொண்டுபோய் வைத்துவிடுவார். மனித நடமாட்டம் பறவைக்கு மறக்கட்டும் என்பார்.

வரிசையில் முதல் குரல் பெரிய காட்டு ஆந்தையுடையது. சிங்கள ஊர்களில் அதற்கு உலமா என்று பெயர். அது கத்தினால் சாவு விழும் என்பார்கள். கழுத்தை நெரிக்கும்போது ஒரு பெண் அலறுவது போலவே இருக்கும்.

"அதைக் கடைசியில போடலாமே அண்ணே. கேட்டாலே ஓடணும் போல இருக்கு."

"அதுதான் நான் சத்தம் புடிச்ச மொதப் பறவ மிஸ். மொதப் புள்ளையக் கொண்டுபோயி யாராச்சும் கடைசியில நிப்பாட்டுவாங்களா?"

ரிவர்ஸ்டனில் பனிமூட்டம் விலக வெகுநேரம் ஆனது. மஞ்சள் காதுச் சின்னான் வந்தது, வெள்ளைக்காரர் நிறையப் படம் எடுத்தார். எழும்பும்போது அவருடைய கால் வயரில் சிக்கி, பெட்டி பாறையில் விழுந்தது. திறந்து பார்த்தேன். பிளேயரில் அடுத்த பாட்டுக்குத் தள்ளும் பொத்தான் உடைந்திருந்தது. மற்றதெல்லாம் சரி. இனி வேண்டிய பறவைக்குப் போக ஒரே வழிதான்: ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட விட வேண்டும். அந்தப் பறவை வந்ததும் அதையே திரும்பத் திரும்பப் பாடும்படி இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும். மின்சாரம் அறுந்தால் மறுபடி ஆந்தைக்கே போய்விடும். அண்ணனுக்கு விளங்கப்படுத்தினேன். நல்லவேளையாக ஆறுமணிக் குருவி இரண்டாவதாக இருந்தது.

பள்ளேகமத்தைத் தாண்டிய பிறகு காவலரண்கள் அதிகம். ஒவ்வொன்றிலும் இறங்கினோம், மீன்கொத்தி அட்டையைக் காட்டினோம், அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். என்னுடையதும் அண்ணனுடையதும் மட்டும் சிப்பாயின் கையில் சற்று நேரம் நிற்கும். வில்கமுவவில் ஒரு விவசாயி வீட்டில் இரண்டு அறை எடுத்தோம். வயல், வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் மருத மரத் தோப்பு. தோப்பில் ஆறுமணிக் குருவி இருப்பதை அண்ணன் காலையிலேயே கண்டுவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பெட்டியை வைக்கப் போனார். சாப்பிட்டுவிட்டு, வயரை மாடு மிதித்திருக்குமோ என்று பார்க்க வேனில் மறுபடி போனார்.

வேன் திரும்பி வந்தபோது சாரதி மட்டும்தான் இருந்தார். இன்ஜினை நிறுத்தாமலே இறங்கினார்.

"நங்கி, பெரிய கரச்சல். அவரப் புடிச்சிட்டாங்க."

நடந்தது இதுதான். வாய்க்கால் கரைக்கட்டின் மேல் ரோந்து போன ஊர்காவல்காரர் ஒருவரின் காலில் வயர் தட்டியிருக்கிறது. அது மதகுப் பாலத்துக்குப் பக்கத்தில், சருகுக்குள் போகிறது. அவர் சத்தம் போட, காவலரணிலிருந்து சிப்பாய்கள் ஓடி வந்திருக்கிறார்கள். ஒரு சிப்பாய் தடியால் சருகை விலக்கும் நேரம் பார்த்து அண்ணன் வேனிலிருந்து குதித்து ஓடியிருக்கிறார், சிங்களத்தில் கத்திக்கொண்டு: "தொடாதீங்க! தொடாதீங்க!"

"அப்படிக் கத்தினா என்ன நினைப்பாங்க நங்கி? எல்லாரும் படுத்திட்டாங்க. துவக்கத் திருப்பிட்டாங்க. சுடாம விட்டது பெரிய புண்ணியம்." சாரதி நெற்றியைத் துடைத்தார். "சாயங்காலம் கேம்ப் ட்ரக் வருமாம். அதுல ஏத்தி அனுப்பப் போறாங்க."

அந்த ட்ரக்கில் ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எந்த முகாம், எத்தனை மாதம், யாரைப் போய்க் கேட்பது, ஒன்றும் தெரியாமல் போகும். டவுனிலேயே அப்படி இரண்டு வீடுகளை நான் அறிவேன். ட்ரக் வருவதற்குள் அது குண்டு இல்லை என்று காட்டியாக வேண்டும்.

எடுத்துக்கொண்டவை: சின்ன ஸ்க்ரூ டிரைவர், புதுப் பெட்டரி நாலு, பறவைப் புத்தகம், அடையாள அட்டை. வெள்ளைக்காரரும் தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எதுவும் கேட்காமல் வேனில் ஏறினார்.

அண்ணன் வாய்க்கால் கட்டின் மேல் முழங்காலில் நின்றார். சட்டையைக் கழற்றியிருந்தார்கள், கைகள் தலைக்குப் பின்னால். பார்வை நிலத்திலேயே இருந்தது. சிப்பாய்கள் தள்ளி நின்றார்கள். பெட்டி பாலத்தருகே சருகு பாதி மூடிக் கிடந்தது. சார்ஜன்ட் இளைஞர், என் வயதுதான் இருக்கும். ஊர்காவல்காரர் சாரமும் அரைக்கைச் சட்டையும் போட்ட நடுவயது ஆள், தோளில் துவக்கு. பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

"நீ யாரு?"

அட்டையைக் கொடுத்தேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஆள் பொய் சொல்றான். பெட்டியத் தானே செஞ்சதாச் சொல்றான். உள்ள என்ன இருக்குன்னா, பெட்டரி, அப்புறம் ஒரு ரேடியோ மாதிரின்னு இழுக்கிறான். செஞ்சவனுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணன் என்னை அதற்குள் இழுக்காமல் இருக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பொய்தான் அவரை இன்னும் ஆழமாக இறக்கியிருக்கிறது. அவர் தலையைத் தூக்கினார். வேண்டாம் என்பது போல ஒரு பார்வை.

"நான்தான் செஞ்சேன் சேர்," என்றேன்.

ஒரு சிப்பாய் ஓரடி பின்வாங்கினார். உள்ளே இருப்பதை வரிசையாகச் சொன்னேன்: பிளேயர் இடப்பக்கம், ஸ்பீக்கர் மூடியில், பெட்டரி நாலும் வலப்பக்கம், வயர் சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று. ஓடும்போது ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும் என்பதையும் சொன்னேன். தானாக மினுங்கி அவர்கள் பார்ப்பதைவிட நான் முதலில் சொல்வது நல்லது.

"அப்போ நீயே போய்த் தொற. நாங்க இங்க இருந்து பாக்கிறோம்."

அவர்கள் கட்டுக்கு மறுபக்கம் இறங்கினார்கள். அண்ணனையும் இழுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் கட்டின் மேலேயே நின்றார், சாரதி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அது என்ன பெட்டி என்று எனக்குத் தெரியும். என் கையால் ஈயம் பற்றவைத்த பெட்டி. ஆனாலும் அத்தனை பேர் குண்டு என்று நம்பிப் பார்க்கும்போது, அதை நோக்கி ஒவ்வொரு அடியாக எண்ணித்தான் நடந்தேன். சருகை விலக்கினேன். மூடியைக் கழற்றினேன். நான் பயந்தபடியே இருந்தது: வயரை இழுத்ததில் பெட்டரி இணைப்பு கழன்றிருந்தது. மின்சாரம் அறுந்துவிட்டது. இனி சேர்த்தால் ஆந்தைதான் முதலில் அலறும். விரல் துவக்கின் விசையில் இருக்கும்போது ஒரு பெண்ணின் அலறல்.

நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "சேர், இதைப் போட்டா மொதல்ல ஒரு அலறல் வரும். பயப்படாதீங்க, அது பறவை."

"என்ன பறவை?"

"உலமா."

ஊர்காவல்காரரின் தலை கட்டுக்கு மேலே வந்தது. "என்னது? ஏய் பிள்ள, அது வேணாம்! எங்க வயலுக்குப் பக்கத்துல, பட்டப்பகல்ல! சேர், போட விடாதீங்க."

"குண்டுன்னு இவ்வளவு நேரம் பயப்படாம நின்னியே," என்றார் சார்ஜன்ட்.

"குண்டு வெடிச்சா நான் ஒருத்தன் போவேன் சேர். அது கத்தினா வீட்டுக்கு ஒண்ணு போகும். நீங்க மாத்தலாகிப் போயிடுவீங்க, நாங்கதானே இங்க இருக்கிறது?"

யாரோ சிரித்தார்கள். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. எனக்கு வழி ஒன்றுதான் இருந்தது, அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே வழி. ஸ்பீக்கரை நிறுத்தி ஆந்தையைச் சத்தமில்லாமல் ஓட விட வேண்டும். அது முடிந்த பிறகு சுவிட்சைத் தட்ட வேண்டும்.

"அப்படின்னா அதைச் சத்தம் இல்லாம விடுறேன் சேர். கொஞ்ச நேரம் பெட்டி சும்மா இருக்கும். விளக்கு மட்டும் மினுங்கும். அதுக்கப்புறம் வேற குருவி பாடும்."

"சும்மா இருக்கும். விளக்கு மினுங்கும்." சார்ஜன்ட் என் வார்த்தைகளையே மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ அதுக்குப் பக்கத்திலேயே இரு. எழும்பினா சுடுவோம்."

வயரை இழுத்து நுனியிலிருந்த சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டேன். புதுப் பெட்டரி போட்டேன். இணைப்பைச் சேர்த்தேன். சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பித்தது.

ஆந்தையின் பதிவு மூன்று நிமிடம் இருக்கும். அண்ணன் அதைத் தோட்டத்துப் பள்ளத்தில் கொசுக்கடியில் நின்று பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு துண்டும் வெட்ட விடவில்லை. அந்த நீளத்தை முதல் தடவையாக நான் சபித்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கட்டுக்குப் பின்னால் ஒருவர் பிரித் என்னும் பௌத்தக் காப்புப் பாடலை ஓதத் தொடங்கினார். நான் பொத்தான்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன், விளக்கு அணைந்து மறுபடி பற்றினால் அடுத்த பாட்டு, உடனே சுவிட்ச். தூரத்தில் ஏதோ கனரக வாகனத்தின் இரைச்சல். ட்ரக்கா, உழவு இயந்திரமா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது.

விளக்கு அணைந்தது. பற்றியது. சுவிட்சைத் தட்டினேன்.

ஆறுமணிக் குருவியின் இரட்டை விசில், தெளிவாக, உரக்க வந்தது. மறுபடி. மறுபடி.

சிப்பாய்கள் எழும்பினார்கள். ஊர்காவல்காரர் தலையில் கைவைத்து, குருவியின் சிங்களப் பெயரைச் சொன்னார். "அட, அவிச்சியா! இதைத்தானே தினமும் கேக்கிறோம். இதுக்கா இவ்வளவு வயர்?"

சார்ஜன்ட் வந்து குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். நான் சொன்ன வரிசையை விரலால் தொட்டுச் சரிபார்த்தார்: பிளேயர், ஸ்பீக்கர், நாலு பெட்டரி. புத்தகத்தில் படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெள்ளைக்காரரைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கத்தியால் வயரை வெட்டிச் சுருட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"இருட்டுறதுக்கு முன்னால இந்த ஊரை விட்டுப் போயிடணும். பெட்டியக் கொண்டு போ. இன்னொரு தரம் கண்டா நான் கேக்க மாட்டேன்."

இரைச்சல் பக்கத்தில் வந்திருந்தது. உழவு இயந்திரம்தான், நெல்மூட்டை ஏற்றியது.

அண்ணன் சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டார். வழக்கமாக முன் சீட்டில் இருப்பவர், அன்று பின் சீட்டில் என் பக்கத்தில் ஏறினார். அறையிலிருந்த சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். நானும் அன்று எதையும் அடுக்கவில்லை.

பாலத்தைத் தாண்டும்போது வெயில் இறங்கிவிட்டது. தோப்பிலிருந்து நிஜக் குருவி கூப்பிட்டது, சாலைக்கு மிக அருகில். சாரதி வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வெள்ளைக்காரர் மடியில் கெமரா தயாராக இருந்தது. அந்தக் குருவிக்காகத்தான் அவர் கடல் தாண்டி வந்திருந்தார். அவர் லென்ஸ் மூடியை எடுத்து மாட்டி, போகலாம் என்று கை காட்டினார்.

பள்ளேகமத்தில் கடைசிக் காவலரணும் கழிந்த பிறகு அண்ணனிடம் கேட்டேன். "தொடாதீங்கன்னு ஏன் அண்ணே கத்துனீங்க?"

அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தடியால குத்தப் போனான் மிஸ். நீங்க ஒரு கெழம பூரா ஒக்காந்து செஞ்சது. ஒடச்சிருவானேன்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் ஞாபகம் வரல."

"சரி. ஆந்தையக் கடைசிக்கு மாத்திடவா?"

வளைவுகள் தொடங்கியிருந்தன. வேன் மலை ஏறியது. அவர் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் மிஸ். அந்த ஒடஞ்ச பொத்தான மட்டும் சரி பண்ணிக் குடுங்க."