இரண்டு மடங்கு கேட்டவர்கள்

நகராட்சியின் கட்டடப் பிரிவு குமாஸ்தாவுக்குக் ‘கோந்து’ என்று பெயர். கிழிந்த கோப்பு எதைக் கண்டாலும் ஒட்டாமல் விடமாட்டார். ஒருமுறை தன் சட்டைக் கையையே வரி ரசீதோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு, மத்தியானம் வரை அப்படியே வேலை பார்த்தவர்.

இருபத்திரண்டு அரசுக் கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே ஆர்டரில் கூரைச் சூரிய மின்சாரம் வாங்குவதென்று முடிவானது. பட்டியல் போடும் வேலை கோந்தின் தலையில் விழுந்தது. எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது பிரசவ நிலையத்து நர்ஸ் அக்காதான். அவர் ஏற்கெனவே தனியாக இரண்டு முறை விலை கேட்டுப் பார்த்திருந்தார். பத்துச் சூரியப் பலகை மாட்ட எந்தக் கம்பெனி வரும்? அங்கே கரண்ட் போனால், பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் விளக்கும் கூடவே போய்விடும்.

பட்டியலைக் கூட்டினால் ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோவாட். கிடைப்பதோ முந்நூறு.

“வெள்ளிக்கிழமைக்குள்ள குறைச்சுட்டு வாங்க. இல்லேன்னா சின்னதுலேருந்து வெட்டிட்டே வருவேன்” என்றார் நகராட்சி இன்ஜினியர்.

எல்லாவற்றிலும் சின்னது பிரசவ நிலையம். பேட்டரியோடு வெறும் ஐந்து.

“ஏங்க்கா, அஞ்சு மட்டும் போட்டிருக்கீங்க?” என்று போனில் கேட்டார் கோந்து.

“அஞ்சுதானே தம்பி வேணும்?”

கோந்து போனை வைத்துவிட்டுப் பட்டியலைத் திரும்பப் புரட்டினார். பத்து நாற்காலி வேண்டுமென்றால் இருபது கேட்பது அந்த ஊர் ஆபீஸ்களின் பழக்கம். மேலே எப்படியும் பாதியாக வெட்டிவிடுவார்கள். வருடக்கணக்காக அப்படி வெட்டியவரே கோந்துதான். இந்த முறை வெட்ட மறந்துவிட்டார். போதாக்குறைக்கு, இருபத்தெட்டு போதும் என்கிற தன் ஆபீஸுக்கும் அறுபது எழுதியிருந்தார்.

தன் ஆபீஸ் மேலதிகாரியிடம் போய் அசடு வழிந்து ஒப்புக்கொண்டார். அவர் முறைத்துக்கொண்டே அறுபதை அடித்து, இருபத்தெட்டு என்று கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளோடு கோந்து சைக்கிளில் கிளம்பினார்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “நீங்க வெட்டுவீங்கன்னுதானே கூட்டிக் கேட்டோம்?”

“வெட்டுறவனே வந்திருக்கேன் டீச்சர். நீங்களே வெட்டிக் குடுத்துடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். எண்ணும் பாதியானது. மூன்று நாளில் தன் ஆபீஸோடு சேர்த்து இருபது ஆபீஸ் முடிந்தது. திட்டியவர்களும் உண்டு, ஆனால் அடித்துத் திருத்திய தாளைப் பார்த்த பிறகு பேனாவை எடுக்காதவர் யாருமில்லை.

மிச்சம் தீயணைப்பு நிலையம். அதன் அதிகாரி கோந்தின் மனைவிக்கு அண்ணன். நாற்பது கேட்டிருந்தார்.

“மச்சான், உங்க மாடியில துணி காயப்போடவே இடமில்ல. நாற்பதை எங்க வைப்பீங்க, வண்டி மேலயா?”

“வாங்க யோக்கியரே! உங்க ஆபீஸ் எவ்வளவு கேட்டுச்சு?”

கோந்து தாளை நீட்டினார். மச்சான் படித்தார், மறுபடியும் படித்தார். “அறுபதா! உன்னைவிட நான் எவ்வளவோ தேவலை.”

“ஆமா மச்சான். என்னாலதான் அஞ்சே அஞ்சு கேட்ட பிரசவ நிலையத்து அக்கா பட்டியலைவிட்டே போகப் போறாங்க.”

மச்சான் மூக்கைச் சொறிந்தார். “பேனா குடு. பதினெட்டு போதும். என் தங்கச்சி புருஷன் கெஞ்சினான்னு எழுதிக்கட்டா?”

“எழுதிக்கோங்க, கோடி புண்ணியம்!”

கூட்டினால் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. கோந்து மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தாளில் இருந்த இருபத்தோரு கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கோந்து காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதாகப் பக்கத்து மேசைக்காரர் நினைத்துக்கொண்டார்.

பலகைகள் ஏறிய பத்தாம் நாள் மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. கோந்தின் போன் அடித்தது.

“தம்பி, இதைக் கேளுங்க” என்றார் நர்ஸ் அக்கா. ஒரு குழந்தை வீறிட்டது.

“ஐயோ, ஏங்க்கா இப்படிக் கத்துது?”

“பொறந்து ஒரு மணி நேரந்தான் ஆச்சு. விளக்கு எரியுது, கதகதன்னு இருக்கு. தெம்பா அழுவுது.”

கோந்து போனை இன்னும் காதோடு ஒட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்:

“இருங்கக்கா, வெச்சுடாதீங்க. மச்சானையும் லைன்ல சேர்க்கிறேன், அவரும் கேட்கட்டும்.”