சீரியலுக்கு ஒரு நாள் லீவு

ஓசூர் தொழிற்சாலையில் பதினோரு வருட வேலையில் முதன்முறையாக, லீவு விண்ணப்பத்தில் உண்மையை எழுதுவதென்று இன்று காலை முடிவெடுத்தேன்.

'நாளை ஒரு அமெரிக்க நகைச்சுவை சீரியல் முதன்முதலில் ஒளிபரப்பாகி ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. அதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.'

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். மெமோ நிச்சயம் என்று நினைத்தேன்.

"சீரியலுக்குப் பொறந்தநாளாப்பா?"

"ஆமா சார்."

"இந்த மாசம் மூணு பேருக்கு மாமனார் செத்துட்டாரு. அதுல ஒருத்தனுக்கு ரெண்டாவது தடவ. நீ ஒருத்தன்தான் யாரையும் சாகடிக்கல. எடுத்துக்க."

கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னேன்.

மாலைக்குள் இன்னும் ஒன்பது பேர் அதே சீரியலுக்கு லீவு வாங்கிவிட்டார்கள்.

நாளை எங்கள் உற்பத்தி லைன் ஓடாது.