எழுபத்து நாலாவது பல்

என் அக்கா பல்சக்கரம் வெட்டுபவள். அந்தப் பட்டறையில் பதினோரு வருடம் பெட்டி கட்டிய பிறகுதான் அவளுக்கு மெஷின் கிடைத்தது. அங்கே மெஷினில் நின்ற ஒரே பெண் அவள்.

தண்ணீர் பம்பு ஒன்றுக்கு நூற்றிருபத்தேழு பல் உள்ள சக்கரம் கேட்டிருந்தார்கள். நூற்றிருபத்தேழு வேறு எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். பல்லுக்குப் பல் வட்டைச் சரியாகத் திருப்ப, துளை போட்ட அளவுத் தட்டு வேண்டும்; பட்டறையில் இருந்த தட்டுகள் எதிலும் அது உட்காரவில்லை. குத்துமதிப்பாக வெட்டிப் பார்த்து இரண்டு பேர் ஆளுக்கொரு வட்டைப் பாழாக்கினார்கள். மிச்சம் ஒரே ஒரு இரும்பு வட்டு.

"நான் வெட்டுறேன் சார்," என்றாள் அக்கா.

"இதையும் கெடுத்தா திரும்பப் பெட்டிதான். அப்புறம் மெஷின் பக்கமே வரக்கூடாது," என்றார் முதலாளி.

இரண்டு நாள் உட்கார்ந்து, நூற்றிருபத்தேழு துளைகளோடு புதுத் தட்டு ஒன்றை அவளே செய்தாள். ஒரு பல் வெட்டியதும், மெஷின் கணக்குப்படி தட்டில் நாற்பது துளை எண்ணி, துளையில் இறங்கும் முள்ளை நகர்த்த வேண்டும். பிறகு அடுத்த பல். நூற்றிருபது துளை என்றால் மூன்றே நகர்த்தலில் பழைய துளைக்கு வந்துவிடும். நூற்றிருபத்தேழில் அப்படி வராது. எல்லாத் துளையையும் ஒரு தடவை தொட்டு முடித்த பிறகுதான் முதல் துளைக்குத் திரும்பும். அதனால் தொட்ட துளைக்கெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வெட்டினாள்.

"உதடு மட்டும் ஆடுதே, என்னைத் திட்டுறியாம்மா?" என்றார் பக்கத்து லேத்துக்காரர். சிரித்துவிட்டு மேலே எண்ணினாள்.

எழுபத்து நாலாவது பல்லுக்கு முள் இறங்கிய துளையில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. அது முதல் துளை.

மெஷினை நிறுத்தினாள். வெட்டாமல் முதலிலிருந்து எண்ணி வந்தாள். ஒன்பதாவது பல்லுக்குரிய துளையில் புள்ளி இல்லை. அதற்கு அடுத்ததில் இருந்தது. நாற்பதுக்குப் பதில் நாற்பத்தொன்று போயிருக்கிறாள். அதிலிருந்து வெட்டிய அறுபத்தைந்து பல்லும் தள்ளி நின்றன.

அவள் சொன்னதைக் கேட்ட லேத்துக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. "ஒரு துளைதானே? கண்ணுக்கே தெரியாது. முடிச்சுக் குடுத்துடு."

"நூத்திருபது பல்லா இருந்தா, தப்பான பல்லு ஜோடிச் சக்கரத்துல ஒரே பல்லைத்தான் இடிச்சிட்டிருக்கும்ணே. தேய்மானம் எல்லாத்துக்கும் பரவட்டும்னுதான் நூத்திருபத்தேழு கேட்டிருக்காங்க. இது ஜோடிச் சக்கரத்துல இருக்கற முப்பது பல்லையும் வரிசையா தேடிப் போய் இடிக்கும்."

"நம்ம முதலாளி மாதிரி," என்றார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

வட்டைக் கழற்றிக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார். பம்பு ஓட ஆரம்பிச்சப்புறம் தெரியும்."

"சரி, போ."

"இன்னொரு வட்டு மட்டும் வாங்கிக் குடுங்க சார். தட்டு இருக்கு. சரியா வெட்டிடுவேன்."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

நாலு மாதமாகப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிறாள். அவள் செய்த தட்டை வைத்து வேறொருவன் புது வட்டில் அந்தச் சக்கரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டான்.

நேற்று துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "நீதான் இத்தனை வருஷம் ஊர் ஊரா சுத்தினியே. பொம்பளைக்கு மெஷின் குடுக்கற பட்டறை எங்கயாவது பார்த்தியாடி?"

பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

எந்த ஊர் என்று கேட்டாள்.