மேடா பள்ளமா

பஸ் டிப்போவில் அவரை எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி கிளம்பும் நேரத்தை எழுதி அனுப்புகிற டைம் கீப்பர் வேலை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, டிரைவரிடமும் ஒரு தடவை மணி கேட்டால்தான் மனுஷனுக்குப் பேனா ஓடும். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் இழுப்பார். நல்லவேளை, அவரை பஸ் ஓட்ட விடவில்லை.

இப்பேர்ப்பட்டவர் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத உட்கார்ந்தது தங்கைக்காக. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போனவள், ஊர் ஓரத்தில் ஒரு மனை பார்த்திருந்தாள்.

"அண்ணா, மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்குமா? நீ பாத்துச் சொல்லு, போதும். நான் கண்ண மூடிக்கிட்டு வாங்கிடறேன்."

போய்ப் பார்த்தார். ஒரே புதர். இந்தப் பக்கம் நின்றால் மேடு மாதிரி இருந்தது, அந்தப் பக்கம் நின்றால் பள்ளம் மாதிரி இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு வீடு திரும்பினார்.

ஊரின் ஒவ்வோர் இடமும் எவ்வளவு உயரம் என்பது இணையத்தில் எண்களாகக் கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எண்ணுக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தால், விரித்துப் போட்ட வலை போல ஊரே திரையில் மேடும் பள்ளமுமாக எழும்பும். மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார். முதலில் வெறும் கறுப்புத் திரை. அப்புறம் முள்ளம்பன்றி மாதிரி ஏதோ ஒன்று. மண்டையை உடைத்துக்கொண்டு ஒருவழியாக ஊர் தெரிந்தபோது, தங்கையின் மனை ஒரு குன்றின் உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைத் தங்கைக்கு அனுப்பி, கீழே எழுதினார்: 'மேடுதான். சந்தேகமே இல்லை.' அப்படி அவர் எழுதியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்துத்தான் மனைவி அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இதுல டிப்போ எங்க இருக்கு?"

காட்டினார்.

"நம்ம வீடு?"

அதையும் காட்டினார்.

"டிப்போ தாண்டினா வீடு வரைக்கும் சைக்கிள தள்ளிக்கிட்டுதான் வர்றேன், தினமும் மூச்சு வாங்குது. உங்க படத்துல பாத்தா உருண்டே வந்துடலாம் போலிருக்கே?"

புரோகிராமில் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தார். கடைசியில் பிடிபட்டது. காகிதத்தில் வரைபடம் போட்டால் கீழிருந்து மேலே எண்ணுவோம். கம்ப்யூட்டர் திரையோ மேலிருந்து கீழே எண்ணுகிறது. உயரம் கூடக் கூட, புள்ளி கீழே இறங்கியிருக்கிறது. உயரத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டார். ஊர் தலைகீழாகத் திரும்பியது. மனை கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்தது.

அதோடு விட்டாரா? மைனஸை எடுத்தார், மேடு. போட்டார், பள்ளம். எடுத்தார், போட்டார். எது நிஜம் என்பதே மறந்துபோனது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்க் கொட்டினார்.

"குழாய் ரிப்பேரா சார்?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"இல்லங்க, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கறேன்."

"எப்பவும் ஓடற பக்கந்தான்."

தண்ணீர் டிப்போ பக்கமாக ஓடியது. மைனஸ் போட்ட படம்தான் சரி. உடனே தங்கைக்குப் போன் போட்டார்.

"அந்த மனை வேண்டாம்மா. அது பள்ளம். நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."



"அண்ணா, நேத்தே பதிவு முடிஞ்சிருச்சு. நீயே சந்தேகம் இல்லன்னு சொன்னப்புறம் எனக்கென்ன யோசனை?"

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சரி விடு, அழாத. எவ்வளவு மண்ணு கொட்டினா மேடாகும்னு அந்தப் புரோகிராமையே கேட்டுச் சொல்லு. இந்தத் தடவை மட்டும் நல்லா சந்தேகப்பட்டுட்டுச் சொல்லு."