மீன் பெட்டியில் போட்ட தக்காளி விதை

தக்காளி நாற்று இப்படியும் சாகுமா என்று நான் வாயைப் பிளந்து நின்ற அந்தக் காலை இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. முந்தின நாள் மாலை நிமிர்ந்து நின்றவை, விடிந்து பார்த்தால் கூட்டமாகப் படுத்துக் கிடந்தன. இலை பச்சையாகத்தான் இருந்தது. தண்டு மட்டும் மண்ணை ஒட்டி நூலாக இளைத்து, தொட்டால் கையோடு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அழுகையைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அப்பாவிடம் இதை யார் போய்ச் சொல்வது?

அப்பா அந்த வருடம்தான் வேடந்தாங்கல் பக்கம் பதினைந்து சென்ட் நிலம் வாங்கியிருந்தார். அதற்கு முன் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். செங்கல்பட்டில் ஆபீஸ் பியூன் வேலை கிடைத்த பிறகும் அப்பாவுக்கு அந்த ஏக்கம் தீரவில்லை. சொந்த மண்ணில் முதல் பயிர் தக்காளி என்று முடிவு செய்தார். விதை போட அவர் கொண்டுவந்தது, மாமல்லபுரம் கடற்கரையில் மீன்காரர்கள் கழித்துப் போட்ட தெர்மோகோல் ஐஸ் பெட்டி. ஒரு சொட்டு ஒழுகாது என்று அதற்கு ஏகப்பட்ட புகழ்ச்சி வேறு. அந்த ஒழுகாத பெட்டியில் மண்ணும் எருவும் நிரப்பி, ஒரு பாக்கெட் விதையையும் கொட்டி, வேளா வேளைக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஆசை யாரை விட்டது? அப்பா ஊற்றியது தெரியாமல் அம்மா ஊற்றுவாள். அம்மா ஊற்றியது தெரிந்தும் நான் ஊற்றுவேன்.

நாற்று சாய ஆரம்பித்ததும் ஆளுக்கொரு வைத்தியம். பக்கத்து வீட்டில் சாம்பல் தூவச் சொன்னார்கள், தூவினோம். உரக்கடைக்காரர் வெயில் போதவில்லை என்றார், மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இன்னும் பத்து விழுந்தது. அப்பா சோறு இறங்காமல் பெட்டிக்கு முன்னால் குந்திக் கிடந்தார்.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்கு இருபது வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் கம்பெனி வேனில் ஏறித் துணி தைக்கிற வேலைக்குப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் பெட்டியைச் சாய்த்துப் பார்த்து, ஸ்குரூ டிரைவரால் அடியில் நாலு ஓட்டை போட்டாள். கறுப்பாக, குடலைப் புரட்டுகிற நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் சாக்கடையிலா நாற்று வளர்த்தோம்!

ஆனால் ஓட்டை போடுவதற்குள் காலம் கடந்திருந்தது. மறுநாள் காலை மிச்சம் இருந்ததும் சாய்ந்துவிட்டது.

அம்மா பெட்டியைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். மாதவிலக்கு நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று நாள் பின்பக்கம் தனியாக உட்கார வேண்டும், செடி பக்கம் போகவே கூடாது. வயல் வேலைக்குப் போன காலத்தில் அம்மாவுக்கு இதெல்லாம் கிடையாது. அந்த மூன்று நாளும் சேற்றில் இறங்கி நின்றவள்தான். சொந்த நிலம் வந்ததும் மேலத்தெருக்காரர்களைப் பார்த்து இந்த ஆசாரத்தையும் பிடித்துக்கொண்டாள். தனித் தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. பொங்கல் கழிந்த இரண்டு மாதமாக அம்மா வேலி போட, கிணறு தூர்வார என்று நிலத்துக்கே நடையாய் நடந்ததால் வீட்டை நான்தான் கவனித்தேன் என்று எனக்கு நினைப்பு.

"தூரமானத சொல்லாம மறைச்சிகினு நாத்த தொட்டியா நீ?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "ஆமா அண்ணி, தொட்டுட்டேன்" என்றாள்.

பச்சைப் பொய்! அப்பா தங்கையைத் திட்டிக்கூட நான் பார்த்ததில்லை. அவர் கையை ஓங்கிக்கொண்டு போனார். செய்யாத தப்புக்கு அடி வாங்கப் போகிறாளே என்று பதறி நடுவில் புகுந்தேன்.

"அத்த பொய் சொல்லுது. ரெண்டு மாசமா அதுக்குத் தட்டே வெக்கல நானு. கொடியில துணியும் காயல. பொங்கலுக்கு முன்னாடி உக்காந்துதே, அதோட சரி."

பெரிய வக்கீல் மாதிரி சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நாற்றை அதற்குப் பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு இரண்டு மாதம் தட்டு வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

அம்மா என்னைச் சர்க்கரை வாங்க அனுப்பிவிட்டுத் தெருக்கதவைச் சாத்தினாள். வீட்டில் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது. ஆனாலும் அத்தை தப்பித்தாள் என்ற சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் அத்தையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. தப்பு செய்யவில்லை என்று சாட்சி சொன்ன பிறகும் அடிப்பார்களா? மறுநாள் கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்த வாரமே அம்மா அவளைப் பஸ்ஸில் எங்கேயோ கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் நாள் திரும்பக் கூட்டி வந்தாள். சித்திரை பிறந்ததும் உத்திரமேரூர் பக்கம், மனைவியை இழந்த ஒருவரோடு அத்தைக்குக் கல்யாணம் முடிவானது. எல்லாமே அவசரம்.

அத்தனை நாளும் அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பாற்றியவளிடமே இப்படியா என்று நான் ஒளிந்து ஒளிந்து அழுதேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அவளாகவே கூப்பிட்டு உட்காரவைத்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். ரிப்பனை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள்.

"ஏன் பாப்பா, உனக்குப் பொய்யே சொல்ல வராதா?" என்று கேட்டாள்.

அப்பாடா, இப்போதாவது என் அருமை தெரிந்ததே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"வராது அத்த" என்றேன்.