நீலத்துணி கட்டிய முளைகள்

குன்னத்தூர் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. புதுப் பள்ளிக்கூட வளாகத்துக்கு வேலை நடக்கும் இடத்தில், சிமென்ட் கொட்டகையில் ஒதுங்குகிறேன். எதிரே வரிசையாக அடித்த முளைக்குச்சிகள். கட்டடம் வரும் இடத்தில் சிவப்புப் பனியன் துணி கட்டியிருக்கிறார்கள், மற்ற இடத்தில் நீலம். நீலம் எதற்கென்று பக்கத்தில் நிற்கும் சித்தாள் பெண்ணைக் கேட்கிறேன்.

"தண்ணி வார தடமுங்க. நாந்தான் கட்டுனனுங்க. சின்னதுல இங்கதான் ஆடு மேய்ச்சனுங்க. பள்ளிக்கூடத்துத் தியான மண்டபத்த பிளான்ல பள்ளத்துல போட்டிருந்தாரு இன்ஜினீயரு. தண்ணி நிக்குமுன்னு சொன்னா நம்புல. போன மழைக்கு எங்கூட நனஞ்சுட்டே தண்ணி போற தடத்துல நடந்து பாத்தாரு. அப்பறம் மண்டபத்த மேட்டுக்கு மாத்திட்டு, பள்ளத்துல கொளம் வெட்டிட்டாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் செந்தண்ணீர் நீல முளைகளை ஒட்டியே இறங்கி வந்து குளத்தில் விழுகிறது. சிவப்பு முளைகள் பக்கம் அது திரும்பவே இல்லை.

குடையோடு ஓடிவரும் இன்ஜினீயர், குளத்தைப் பார்க்குமுன் அவளைத்தான் தேடுகிறார்.